பேட்டையும் மேகசினும்

விருதுநகரைச் சுற்றியுள்ள கரிசற்பூமியில் வற்றாத நதி எதுவும் கிடையாது. மழையும் அளவோடுதான் பெய்யும். அந்த ஊரில் விளைகிற பொருள் என்று விசேஷமாகச் சொல்லத்தக்கது அதிகமில்லை. ஆயினும் உளுந்தும் துவரையும், வற்றலும் மல்லியும், நல்லெண்ணெயும் ஏலக்காயும் இன்று என்ன விலை போகின்றன என்று அறிய விரும்பிய தமிழக வியாபாரிகள், தலைமுறை தலைமுறையாக, பத்திரிகையில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத்தான் தேடிப் படித்து வந்திருக்கிறார்கள். விளைவிக்காத ஊர் விலையை நிர்ணயிக்கும் ஊராக ஆனதற்குக் காரணம், அதன் வர்த்தகர்கள் சரக்கைப் பத்திரமாக வைத்திருக்கவும், வைத்திருந்ததற்கு மூடை தவறாமல் கணக்கு எழுதவும் கற்றிருந்ததே என்பது என் துணிபு.

அந்தக் கல்வி தொடங்கிய இடம் பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து மாட்டு வண்டிகளிலும் பொதிமாடுகளிலும் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறி பயம் மிகுந்த அக்காலத்தில், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை நிர்மாணித்தார்கள். வண்டி அவிழ்க்க வெளியும், மாட்டுக்குத் தண்ணீரும், சரக்கிறக்க நிழலும், இரவெல்லாம் காவலும் அங்கே கிடைத்தன. அதற்கு ஈடாக வியாபாரி தன் சரக்கின் அளவுக்கேற்ப மகமை செலுத்தினான். தனித்தனி வியாபாரிகளிடமிருந்து சில்லறையாகச் சேர்ந்த அந்த மகமைதான் ஊர்ப்பொது நிதியாக வளர்ந்து, 1885-ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளிக்கூடமாயிற்று. காமராஜர் கல்வி பயின்ற அந்தப் பள்ளியின் அஸ்திவாரத்தில் மூடைக் கணக்கு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமே உண்டாகிறது.

1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின் சரக்கின் போக்குவரத்து துரிதமாயிற்று. பேட்டையின் மதிலுக்குள் அடங்காத பண்டங்களுக்காகத் தெருத்தெருவாகக் கிட்டங்கிகள் எழுந்தன. கனத்த சுவரும், உயரத்தில் சிறு சாளரமும், ஈரம் ஏறாதபடி மேடாக்கிய தளமும் கொண்ட அக்கட்டடங்களில் நடந்த நிர்வாகத்தை நாம் அலட்சியமாக எண்ணலாகாது. வண்டி வந்து நின்றதும் குத்தூசியை மூடைக்குள் செலுத்தி உருவி, அதன் குழிவில் வந்த தானியத்தை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்தே தரம் நிச்சயிப்பார்கள். தராசில் ஏறும் முதல் எடையை ‘லாபம்’ என்று மங்கலமாகச் சொல்லித் தொடங்கி, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவார்கள். அந்தக் குரல் கேட்டுக் கணக்குப்பிள்ளை குறித்துக்கொண்டு போவார். மூடையின் மேல் மார்க்கா, அட்டியில் அதற்கென ஓர் இடம், குறிப்பேட்டில் அன்றைய வரவு, பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்று. வற்றல் நாளாக ஆகக் காய்ந்து எடை குறையும்; பருப்பில் வண்டு விழும்; எது முதலில் வந்ததோ அது முதலில் வெளியேற வேண்டும். இன்று பட்டைக் குறியீடும் கணிப்பொறியும் வைத்துப் பெரிய நிறுவனங்கள் சாதிப்பதும் அடிப்படையில் இந்த நான்கு காரியங்களைத்தான்: வந்தது என்ன, எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, யாருக்குச் சொந்தம்.

நான்காவது கேள்விக்குத்தான் காலம் அதிகமான மாறுதலைக் கொண்டுவந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் பெற்றதும் அதுவே. இருப்புச் சரக்கின் பேரில் வங்கிகள் கடன் கொடுக்கும் வழக்கம் பரவியபோது, கிட்டங்கிக் கதவில் முதலாளியின் பூட்டுக்குப் பதிலாக வங்கியின் பூட்டுத் தொங்கிற்று; கடனைக் கட்டிய அளவுக்கே சரக்கு வெளியே வந்தது. 1958-ல் ஏற்பட்ட தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தில் மூடையை ஒப்படைத்து ரசீது பெற்றவர், அந்த ரசீதையே ஈடு வைக்க முடிந்தது. 2017-ல் அந்த ரசீதும் காகிதத்தை விட்டு மின்னணுப் பதிவாயிற்று. அங்கீகாரம் பெற்ற கிடங்கில் பருப்பை வைத்தவர், மூடையைத் தொடாமலேயே அதை விற்கவும் ஈடு வைக்கவும் இன்று இயலும். விலை வீழ்ந்த அறுவடைக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கத் தேவையில்லாத சௌகரியம் சிறு விவசாயிக்கும் கிட்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம். அது இன்னும் பரவலாக நிறைவேற வேண்டும்.

இதே மாவட்டத்தில், ரயிலில் சிறிது நேரப் பிரயாணத்தில் இருக்கும் சிவகாசியில், சரக்கு வைக்கும் கலை முற்றிலும் வேறொரு நியதிக்கு உட்பட்டது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1940-களில் பட்டாசுத் தொழில் ஸ்திரப்பட்டது. ஆண்டு முழுவதும் உற்பத்தியாகும் பண்டம் தீபாவளி என்ற ஒரே பண்டிகையை எதிர்பார்த்திருப்பதால், ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனை தொடங்கும்வரை அதைச் சேர்த்து வைத்தே தீரவேண்டும். விருதுநகர்க் கிட்டங்கியின் சாமர்த்தியம் சரக்கை ஒன்றுசேர்ப்பதில் இருந்தது. மேகசின் என்று சொல்லப்படும் சிவகாசி வெடிபொருள் கிடங்கின் சாமர்த்தியமோ பிரித்து வைப்பதில் இருக்கிறது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தையொட்டி எழுந்த விதிகளின்படி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடையே இவ்வளவு தூரம், ஒவ்வொன்றிலும் இவ்வளவு எடை என்று வரையறை உண்டு. கூரைமேல் இடிதாங்கி, உள்ளே உரசினால் பொறி பறக்கும் இரும்பு வெளியே தெரியாத தளம், ஆணி வைத்த செருப்புக்குத் தடை. கைப்பேசியும் உள்ளே செல்லலாகாது. ஆகவே நவீனக் கிடங்கு நிர்வாகத்தின் கருவிகள், அவை மிகவும் தேவைப்படும் இந்த வாசலில்தான் நின்றுவிடுகின்றன. இருப்புப் பதிவேடு அப்பால் அலுவலகத்தில் இருந்து நிரப்பப்படுகிறது.

ஆனால் மேகசினில் அடைந்து கிடக்கும் முடிந்த சரக்கைக் காட்டிலும் அபாயம் நிறைந்தது, அறைகளில் கைமாறிக்கொண்டிருக்கும் முடியாத சரக்கு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த மருந்துக் கலவையில் ஈரம் பட்டால், அது தானே சூடேறும் சுபாவமுடையது. அன்று கலந்தது அன்றே தீரவேண்டும், எஞ்சியதை இரவில் அறையில் விட்டுவைக்கலாகாது என்ற கட்டுப்பாடு இதனால்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள்கூட அல்லர், முதல் வெடியோசை கேட்டு உதவ ஓடிவந்த அண்டை ஜனங்கள். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. ஓர் அறையில் அனுமதித்த அளவுக்கு மிஞ்சிய மருந்து, அனுமதித்த தொகைக்கு மிஞ்சிய ஆட்கள் என்ற இரண்டு குற்றச்சாட்டுகள் விபத்துக்கு விபத்து திரும்பத் திரும்ப எழுகின்றன.

விருதுநகரில் நூறு மூடையில் ஒன்று குறைந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். சிவகாசி வட்டாரத்தில் ஒரு கலவை அறையில் சாயங்காலம் எவ்வளவு மருந்து மிஞ்சிற்று என்பது மறுநாட்காலை கதவு திறக்கிற தொழிலாளிக்குத் தெரியாமற் போகலாம். புதிய கருவிகள் செலவு பார்க்காமல் வரவேண்டிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். பொறி பறக்காத பாதுகாப்புடன் அமைந்த எடைமானி ஒன்று கலவை அறைக்கு வெளியே நிற்கட்டும். உள்ளே போன மருந்தும், வெடியாகி வெளிவந்ததும், திரும்பி வந்த மிச்சமும் அந்தந்த நேரத்திலேயே பதிவாகட்டும். கணக்கு நேராகாமல் அந்த அறையை மறுநாள் யாரும் திறக்கக்கூடாது என்பதை உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக எழுதிவிடலாம்.