ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி

தெற்கு பிரான்சின் அவெரோன் பகுதியில், ரோக்ஃபோர்ட்-சூர்-சூல்சோன் என்ற சிற்றூரில் முதிரும் நீலப்பூஞ்சைச் சீஸ். லக்கோன் இனச் செம்மறியாடுகளின் காய்ச்சாத பாலில் மட்டுமே செய்யப்படுகிறது.

பாலை உறையவைத்து, திரண்ட கட்டியை வெட்டி, அச்சுகளில் இட்டு நீர் வடியவிடுகிறார்கள். ‘பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி’ என்னும் பூஞ்சையைச் சேர்ப்பதும் இந்தக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். ரை தானிய ரொட்டியில் அதை வளர்த்தெடுப்பது பழைய வழக்கம். பிறகு உப்புத் தடவி, ஊசிகளால் துளையிடுவார்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். அந்தத் துளைகள் வழியேதான் நீல நரம்புகள் உள்ளே படர்கின்றன.

ஆனால் இந்தச் சீஸின் உண்மையான பட்டறை இவ்வூரின் கொம்பலு மலைதான். பழங்கால நிலச்சரிவில் உருவான அதன் குகைகளில், ‘ஃப்ளோரின்’ எனப்படும் பாறைப் பிளவுகள் ஈரக்காற்றை ஓடவிடுகின்றன. கோடையிலும் குளிர் தணிவதில்லை. குறைந்தது 14 நாட்கள் கட்டிகள் இங்கே திறந்தபடி இருக்கும். பின்னர் உலோகத் தாளில் சுற்றிக் குளிரில் மெல்ல முதிரவிடுவார்கள். மொத்தம் 90 நாட்களாவது ஆக வேண்டும்.

1411இல் அரசர் ஆறாம் சார்லஸ், முதிரவைக்கும் உரிமையை இவ்வூராருக்கே வழங்கினார். 1925இல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கொம்பலு குகைகளில் முதிராத எதுவும் இப்பெயரைத் தாங்கக்கூடாது என்று 1961இல் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.