பார்வையாளர் விளைவு

ஆபத்தில் சிக்கியவரைச் சுற்றி ஆட்கள் கூடக் கூட, அவர்களில் ஒவ்வொருவரும் உதவ முன்வரும் வாய்ப்பு குறைகிறது என்னும் உளவியல் கருத்து. பொறுப்பு பலர் தலையில் பிரிந்துபோகிறது. யாரும் பதறவில்லையே என்று பார்த்து, ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் வேடிக்கை பார்த்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது மிகை என்று 2016இல் அதே நாளிதழ் ஒப்புக்கொண்டது. அச்செய்தி தூண்டிய ஆய்வு மட்டும் நிலைத்தது. ஜான் டார்லியும் பிப் லாட்டனேயும் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, வலிப்பு வந்து திணறும் குரலை இன்டர்காமில் கேட்கவைத்தனர் (1968). தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குமுன் உதவி தேடினர். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதம்தான்.

இதைக் கண்ட இடத்திலெல்லாம் பொருத்துவது தவறு. 2025 ஜனவரி 8 இரவு, திருப்பதி பைராகிப்பட்டேடாவில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காக மக்கள் பத்மாவதி பூங்காவில் அடைபட்டிருந்தனர். உடல்நலம் குன்றிய பெண்ணை வெளியே விடக் கதவைத் திறந்தார்கள். டோக்கன் தருகிறார்கள் என்று எண்ணிக் கூட்டம் பாய்ந்தது. திருப்பதியில் அன்றைய நெரிசலுக்கு 6 பேர் பலியாயினர். முன்னால் ஆள் விழுந்தது பின்னால் தள்ளியவருக்குத் தெரிய வழியில்லை. அதற்குக் கல்நெஞ்சம் என்று பெயர் வைப்பது அபாண்டம்.

சாலை விபத்துதான் சரியான உதாரணம். சித்தூர்–பலமநேர் சாலையின் மொகிலி மலைப்பாதை விபத்துக்குப் பேர்போனது. அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவேண்டும் என்ற பயம் நாடெங்கும் உண்டு. ‘மனகெந்துகு’ என்று தெலுங்கிலும் ‘நமக்கேன் வம்பு’ என்று தமிழிலும் விலகிப்போவார்கள். கூட்டம் பெரிதானால், விலகுவதற்கு அது நல்ல சாக்கு.

அந்தப் பயத்துக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020 விதிகளின்படி, உதவியவரைப் பெயர், விலாசம் கேட்டுப் போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்.