கைப்பேசிச் செயலிகளில் திரை இடவமைவு

கைப்பேசிச் செயலியில் பொத்தான், படம், எழுத்து ஆகியவை திரையின் எந்த இடத்தில், என்ன அளவில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் முறை திரை இடவமைவு. நிரலாளர் பேச்சில் லேஅவுட். ஆயத்தொலைவுகளைக் கைவிட்ட கதையாக இதன் வரலாற்றைச் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. எப்படி எழுதினாலும், வரையும் நேரத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் இடப்புறத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று இரண்டு எண்கள் வந்தே தீர வேண்டும். அந்தக் கணக்கு நிரலாளர் கையிலிருந்து கைப்பேசிக்கு மாறியதுதான் உண்மையான வரலாறு.

2007இல் வந்த முதல் ஐஃபோனின் திரை 320க்கு 480. உலகத்தில் இருந்த எல்லா ஐஃபோனுக்கும் அதே அளவு என்பதால், எண்களை நேரடியாக எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. 44 உயரமுள்ள பொத்தான் அடியிலிருந்து 20 தள்ளி நிற்க வேண்டுமா, மேலிருந்து 416 என்று எழுதினால் வேலை முடிந்தது. 2010இல் ஐஃபோன் 4 பிக்சல்களை அகலத்திலும் உயரத்திலும் இரட்டிப்பாக்கியபோதும், பாயின்ட் என்ற அலகில் திரை பழைய அளவிலேயே இருந்ததால் அந்தக் கணக்கு பிழைத்தது. 2012இல் ஐஃபோன் 5 உயரத்தை 568 ஆக்கியதும் பிழைக்கவில்லை: அதே 416இல் நிற்கும் பொத்தானுக்குக் கீழே 108 பாயின்ட் வெற்றிடம். புதிய உயரத்துக்குத் தயாராகாத செயலிகளை ஆப்பிள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையிட்டுக் காட்டியது. உறுப்பை, அதைச் சூழ்ந்த தாய்ச் சட்டத்தின் ஓரத்தோடு பிணைக்கும் வசதி ஐஃபோனில் முன்பே உண்டு. பக்கத்து உறுப்போடு பிணைக்கத்தான் அதில் வழியில்லை. பல நிறுவனங்களின் கருவிகளை எதிர்பார்த்த ஆண்ட்ராய்டு இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. அங்குலத்துக்கு 160 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு பிக்சலுக்குச் சமமான டிபி என்ற அலகை அது வைத்துக்கொண்டது. எண்களால் இடம் குறிக்கும் அப்சல்யூட்லேஅவுட்டை 2009இலேயே, 1.5ஆம் பதிப்பில், வழக்கொழிந்ததாக அறிவித்தது.

எண்களுக்கு மாற்றாக வந்தது, உறுப்புகளுக்கிடையேயான உறவுகளைச் சொல்லும் கட்டுப்பாட்டு முறை. அது கைப்பேசியைவிட மிகப் பழையது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் நிரலிலேயே, கோடுகளுக்கிடையேயான உறவைச் சொன்னால் கணினி அதை நிறைவேற்றும். 1990களின் பிற்பகுதியில் கிரெக் பாட்ரோஸ், ஆலன் போர்னிங் முதலியோர் வடித்த கசோவாரி என்ற தீர்வுமுறையே ஆப்பிளின் ஆட்டோ லேஅவுட்டுக்கு அடிப்படை. அது மேக்கில் 2011இலும் ஐஃபோனில் 2012இலும் வந்தது. கூகுளின் கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட் 2016இல் அறிமுகமானது. 416 போய், ‘பொத்தானின் அடிவிளிம்பு தாய்ச் சட்டத்தின் அடிவிளிம்புக்கு 20 மேலே’ என்ற சமன்பாடு வந்தது. கட்டாயமான இரண்டு சமன்பாடுகள் மோதினால், ஆட்டோ லேஅவுட் ஒன்றைத் தானே முறித்துவிட்டு நீளமான எச்சரிக்கையை அச்சிடும். அதைப் படித்துப் புரிந்துகொள்வது தனிக் கலை.

இந்த முறை மெதுவானது என்பது பழைய புகார். அதில் நியாயம் இருந்தது. 2018இல் ஐஓஎஸ் 12க்காக ஆப்பிள் இதன் வேகத்தைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஆனால் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும் முறையும் மலிவாக இருக்கவில்லை. உறுப்புகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஆண்ட்ராய்டின் லீனியர்லேஅவுட்டில், இடத்தைப் பங்கிட எடை கொடுத்தால், ‘குழந்தைகள்’ எனப்படும் உள்ளுறுப்புகளை இருமுறை அளக்க நேரும்; அதையே உள்ளுக்குள் அடுக்கினால் அளவைகள் மடங்கு மடங்காகப் பெருகும். அந்த அடுக்குகளைத் தட்டையாக்கவே கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட் வந்தது.

ஆப்பிளின் 2019ஆம் ஆண்டு ஸ்விஃப்ட்யுஐயும் கூகுளின், 2021இல் 1.0 ஆன ஜெட்பேக் கம்போஸும் வரிசை, நெடுவரிசை என்று பெட்டிகளுக்கே திரும்பிவிட்டனவே, கட்டுப்பாட்டு முறை வீண் சுற்றுவழிதானா என்று கேட்கலாம். பெட்டி திரும்பியது உண்மை. கணக்கு நிரலாளரிடம் திரும்பவில்லை. ஸ்விஃப்ட்யுஐயில் தாய் ஓர் அளவை முன்மொழியும், குழந்தை தன் அளவைத் தானே தேர்ந்து சொல்லும், அதை எங்கே வைப்பது என்பதைத் தாய் முடிவு செய்யும். கம்போஸில் தாய் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளை அனுப்பும். ஒரே சுற்றில் குழந்தையை இரண்டாம் முறை அளக்க முயன்றால் செயலி பிழை காட்டி நின்றுவிடும். சமன்பாடு எழுதும் வேலைகூட இங்கே பெரும்பாலும் இல்லை. ஆயினும் இரண்டிலும், எண்களைக் கொடுத்து இடத்தை நகர்த்தும் ஆஃப்செட் என்ற வசதி விடாமல் வைக்கப்பட்டிருக்கிறது. விரலோடு நகரும் அட்டை, விளையாட்டுப் பாத்திரம், வரைபலகையில் விழும் கோடு ஆகியவற்றுக்குப் பக்கத்து உறுப்போடு உறவு ஏதும் கிடையாது. அங்கே நிரலாளர் இன்றும் நேரடியாக எண்களைத்தான் எழுதுகிறார்.