பெயரின் விலை

ஒரு பண்டத்தை வாங்குவோன் அதன் உறுப்புகளுக்கு மட்டுமன்றி, அதனைச் செய்தோனுடைய பெயருக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றான். ஊரிலே நாணயமானவன் என்று பெயரெடுத்த பொற்கொல்லனிடம், கூலி சற்று மிகுதியாயினும் மக்கள் நகை செய்விப்பது எதனால்? பொன் குறையாது என்பது ஒன்று. கண்ணி விட்டுப்போனால் அவனே முகங்கோணாது பற்றவைத்துத் தருவான் என்பது மற்றொன்று. ஆகவே, பெயருக்காக நாம் கொடுக்கும் மிகை விலை, செய்தோன் தலைமீது ஏறும் ஒரு கடனாகும். கணினி செய்யும் பெருங் கம்பனிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கடனை எவ்வாறு தீர்த்து வந்தன, எப்போது தீர்க்க மறுத்தன என்பதே இப்பேச்சின் பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எமது பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர், சில ஆண்டுகளின் முன், பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெயர்பெற்ற மடிக்கணினி ஒன்றை வாங்கினார். உத்தரவாதக் காலம் முடிந்த சில வாரங்களில் அதன் விசைகள் இரண்டு இயங்காதொழிந்தன. விசையைத் தனியே மாற்ற இயலாது, மேற்பகுதி முழுவதையுமே மாற்ற வேண்டும் என்று திருத்துமிடத்தில் கூறினர். செலவைக் கேட்டவர் மறுமொழி கூறாது திரும்பி வந்தார். “நான்தான் சரியாகப் பாவிக்கவில்லைப் போலும், சேர்” என்று அவர் என்னிடம் சொன்னார். குறையுள்ள பண்டத்தை வாங்கியவர் குற்றத்தைத் தம்மீதே ஏற்றிக்கொண்ட அந்தச் சொல் என் மனத்தில் நெடுநாள் நின்றது. கணினியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, இவரைப் போன்றோர் முன்னும் பலர் இருந்தனர் என்பது தெரியவந்தது.

முதலாவது நிகழ்ச்சி 1980ஆம் ஆண்டுக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே தோன்றிய அப்பிள் கம்பனி, 1977இல் வெளியிட்ட ‘அப்பிள் 2’ என்னும் கணினியால் பெரும் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரின் வலிமை கொண்டு, வர்த்தகரையும் அலுவலகங்களையும் நாடி, 1980 மே மாதத்தில் ‘அப்பிள் 3’ என்னும் கணினியை அது அறிமுகப்படுத்தியது. அதன் விலை, உறுப்புகளுக்கேற்ப, 4,340 டொலர் முதல் 7,800 டொலர் வரை இருந்தது. கம்பனியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ், கணினியிலிருந்து இரைச்சல் எழலாகாது என்று கருதி, அதனுள்ளே விசிறி வைக்க இடங்கொடுக்கவில்லை. வெப்பம், வார்ப்பு அலுமினியத்தாலான அடிப்பாகத்தின் வழியே வெளியேறும் என எதிர்பார்க்கப்பட்டது.

எதிர்பார்த்தவாறு நிகழவில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் கணினி திடீரென நின்றுவிடும். உள்ளேயிருக்கும் சில்லுகள் தத்தம் குழிகளிலிருந்து நெகிழ்ந்து வெளிவரும். வெப்பமே காரணம் என்பாரும், சுற்றுப்பலகையின் நெருக்கமும் இணைப்பிகளின் குறையுமே காரணம் என்பாருமாக, அதனை உருவாக்கியோரே பின்னாளில் மாறுபடப் பேசினர். காரணம் எதுவாயினும், வாங்கியோருக்குக் கம்பனி சொல்லிய பரிகாரம் கேட்போரை வியக்கச் செய்வது. கணினியை மேசையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கீழே போடுங்கள், நெகிழ்ந்த சில்லுகள் மீண்டும் பொருந்திக்கொள்ளும் என்பதே அப்பரிகாரம்! ஏழாயிரம் டொலர் கொடுத்து வாங்கியவன், அதனைத் தன் கையாலேயே மேசைமீது போட்டு அடித்து இயக்க வேண்டியவனானான்.

முறைப்பாடுகள் குவிந்தபின்னரே கம்பனி இறங்கி வந்தது. முதலில் விற்கப்பட்ட சுமார் 14,000 கணினிகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. திருத்திய அமைப்பு 1981இன் பிற்பகுதியில் வெளிவந்தது. அதற்குள், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஐ.பி.எம். கம்பனியின் தனியாள் கணினி சந்தைக்கு வந்துவிட்டது. வர்த்தகர் பலரும் அதனையே நாடினர். குறை பின்னர் நீங்கியும், ‘அப்பிள் 3’ இழந்த நம்பிக்கையை மீளப் பெறவில்லை. 1984இல் அதன் காலம் முடிவுற்றது.

இரண்டாவது நிகழ்ச்சி, கணினியின் மூளை எனத்தக்க நுண்செயலி பற்றியது. நுண்செயலிகளைச் செய்யும் இன்டெல் கம்பனி, கணினியின் உள்ளே தன் செயலி இருக்கிறது என்று பொதுமக்களுக்கு அறிவிக்கும் விளம்பர முயற்சியை 1991இல் தொடங்கியது. அதுவரை கணினி செய்வோர் மட்டுமே அறிந்திருந்த ஒரு பெயர், வீட்டுக்கு வீடு அறிந்த பெயராயிற்று. 1993இல் ‘பென்டியம்’ என்னும் செயலி வெளிவந்தது.

வேர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி, இரட்டை முதன்மை எண்கள் பற்றிய நீண்ட கணிப்பொன்றைச் செய்துகொண்டிருந்தார். 1994 யூன் மாதத்தில் அவருடைய விடைகள் பொருந்தாது போயின. பிழை தம்முடைய நிரலில் உள்ளதோ, கணினியின் வேறு உறுப்புகளில் உள்ளதோ என ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஈற்றில் செயலியின் வகுத்தற் பகுதியே பிழையானது என்று கண்டார். செயலி வகுத்தல் செய்யும்போது பார்த்தறியும் அட்டவணை ஒன்றில் சில பதிவுகள் விடுபட்டிருந்தன. இதன் விளைவைப் பாடசாலை மாணவனும் சோதித்தறியலாம். 4,195,835 என்னும் எண்ணை 3,145,727 ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்கும் விடை வருதல் வேண்டும், அச்செயலியோ 1.3337 என்று தொடங்கும் விடையைத் தந்தது.

ஒக்டோபர் மாத இறுதியில் பேராசிரியர் கம்பனிக்கு அறிவித்தார்; தக்க மறுமொழி கிட்டாமையால் சக அறிஞர் சிலருக்கு மின்னஞ்சல் வழியே எழுதினார். செய்தி உலகெங்கும் பரவியது. கம்பனியோ இக்குறையை அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே தானாக அறிந்திருந்தது. ஆயினும், சாதாரணமாகப் பாவிப்போன் ஒருவனுக்கு இப்பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரும் என்று அது கணக்குக் காட்டியது. நுட்பமான கணிப்புகளைச் செய்வதாக நிறுவுவோருக்கு மட்டுமே வேறு செயலி தரப்படும் என்றும் கூறியது. விற்ற பண்டம் பிழையென்று விற்றவனே ஒப்புக்கொண்ட பின்னரும், நல்ல பண்டம் தமக்கு வேண்டும் என்பதற்கு வாங்கியவர்கள் சான்று காட்டும்படியாயிற்று. யானையை விற்றுத் துறட்டிக்கு வழக்காடும் கதை இதுவன்றோ?

டிசெம்பர் 12ஆம் நாள் ஐ.பி.எம். கம்பனி, அச்செயலியைக் கொண்ட தன் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. எட்டு நாள்களில் இன்டெல் பணிந்தது. கேட்போர் அனைவருக்கும் காரணம் வினவாது செயலியை மாற்றித் தருவதாக டிசெம்பர் 20ஆம் நாள் அறிவித்தது. இதன்பொருட்டு அது ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர். அப்போது கம்பனியின் தலைவராயிருந்த அன்ட்ரூ குரோவ், 1996இல் வெளியிட்ட தம் நூலிலே இந்நிகழ்ச்சியை ஆராய்ந்துள்ளார். விளம்பரத்தால் தம் பெயரை மக்கள் மனத்தில் பதித்துவிட்ட பின்னர், நேரடியாகத் தம்மிடம் வாங்காத அம்மக்களும் தம்மிடமே நியாயம் கேட்டு வருவர் என்பதைத் தாம் முன்னுணரவில்லை என்பதே அவர் கண்ட பாடம். பெயரைப் பரப்பியவன் பெயருக்குரிய கடனையும் பரப்பிக்கொள்கின்றான் என்று நாம் இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

இப்பாடத்தை ஏனையோர் எல்லாரும் கற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. 2003 முதல் 2005 வரை டெல் கம்பனி விற்ற ‘ஒப்டிபிளெக்ஸ்’ மேசைக் கணினிகள் பலவற்றில் குறையுள்ள கொள்ளளவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை வீங்கி வெடித்துக் கசிய, கணினிகள் செயலற்றுப் போயின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கணிதத் துறையினர் தம் கணினிகள் பழுதுபடுகின்றன என்று முறையிட்டபோது, கடினமான கணிதங்களைச் செய்வித்து நீங்களே அவற்றைக் களைப்படையச் செய்துவிட்டீர்கள் என்பது போன்ற விளக்கமே கிடைத்தது. இச்செய்தியை, நீதிமன்ற வழக்கொன்றின் ஆவணங்கள் வெளிவந்ததை ஒட்டி, அமெரிக்கப் பத்திரிகைகள் 2010இல் எழுதின. கணிதம் செய்தற்கென்றே தோன்றிய கருவி கணிதத்தால் கெட்டது என்றால் யார் நம்புவர்? திருத்துதலுக்கும் மாற்றுதலுக்குமாக டெல் கம்பனி 2005இலேயே 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்திருந்தது.

இனி, எம் ஆசிரியரின் துன்பத்தை ஒத்த நிகழ்ச்சிக்கு வருவோம். 2015இல் அப்பிள் கம்பனி, மிக மெல்லிய ‘மக்புக்’ மடிக்கணினி ஒன்றை 1,299 டொலர் தொடக்க விலையில் வெளியிட்டது. கணினியை மெலிவிக்கும் பொருட்டு விசைகளின் கீழுள்ள பொறியும் மெலிவிக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிந்து மடங்குவதால் அப்பெயரே அதற்கு வழங்கலாயிற்று. 2016இல் விலை மிகுந்த ‘மக்புக் புரோ’ கணினிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஒரு துகள் புழுதி உட்புகுந்தால் விசை இறுகிவிடும். அன்றேல், ஓர் எழுத்தை ஒருமுறை தட்ட இருமுறை பதியும். விசைப்பலகை, மின்கலம், மேலுறை ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு விசைக்காக மூன்றனையும் மாற்ற வேண்டியிருந்தது. உத்தரவாதம் கடந்தோர் இதற்குப் பல நூறு டொலர் கொடுத்தனர்.

2018 மே மாதத்தில் பாவனையாளர் பலர் ஒருங்கு சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். அடுத்த மாதமே, விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசமாகத் திருத்தித் தருவதாகக் கம்பனி அறிவித்தது. எனினும், பாதிப்புற்றோர் சிறு தொகையினரே என்று அது திரும்பத் திரும்பக் கூறிவந்தது. 2019 மார்ச்சில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர், தம் கணினியில் தட்ட இயலாத எழுத்துகளை விட்டுவிட்டே தம் கட்டுரையை அச்சிடுவித்தார். எழுத்துக் குறைந்த அக்கட்டுரையே கம்பனிக்கு எதிரான சாட்சியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் பழைய முறையிலான விசைப்பொறி மீண்டும் வரத் தொடங்கியது. 2022 யூலையில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 50 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பனி உடன்பட்டது. அத்தீர்வு அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வாங்கியோருக்கே உரியது. கடல் கடந்து வாழ்வோர் அதே விலைக்கு, சிலவேளை அதனினும் கூடிய விலைக்கு, அதே கணினியை வாங்கியிருந்தும், இழப்பீட்டில் ஒரு சதமும் பெறவில்லை.

இங்கே விலை பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் தகும். முற்காலத்துக் கணினிகளில் நினைவகம் போதாதெனின், வேறிடத்தில் மலிவாக வாங்கி நாமே பொருத்தலாம். 2012இல் வெளிவந்த, நுண்திரை கொண்ட ‘மக்புக் புரோ’வில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, மின்கலம் ஒட்டப்பட்டிருந்தது. வேறு கம்பனிகள் பலவும் பின்னர் இவ்வழியிற் சென்றன. இதனால் பண்டம் மெலிந்தது உண்மை. அதனோடு, வருங்காலத் தேவை முழுவதையும் வாங்கும் நாளிலேயே முன்னறிந்து, செய்தோன் கூறும் விலைக்கே கொள்ள வேண்டிய நிலையும் உண்டாயிற்று. அந்நாளில் ஒரு திருகாணியைக் கழற்றினாற் போதுமாயிருந்தது. இந்நாளில் கம்பனியின் தயவு வேண்டும்.

இந்நிலையை மாற்றச் சட்டமும் துணை வந்துள்ளது. நியூயோர்க் மாநிலத்தில் 2022இலும், கலிபோர்னியாவில் 2023இலும், திருத்தும் உரிமைக்கான சட்டங்கள் கையொப்பம் பெற்றன. 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாச் சட்டம், 100 டொலரோ அதற்கு மேலோ விலையுள்ள மின்னணுக் கருவிகளுக்கு உதிரிப்பாகங்கள், கருவிகள், கையேடுகள் ஆகியவற்றைக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு வழங்குமாறு பணிக்கின்றது. இத்தகைய சட்டங்களை நெடுங்காலம் எதிர்த்து நின்ற அப்பிள் கம்பனியே 2023இல் இச்சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது. எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகின்றது. அதனிடம் முறையிடலாம் என்பதை அறியாதோர் படித்தவர்களுள்ளும் பலர்.

புதியதொன்றைச் செய்வோர்க்குப் பிழை நேர்தல் இயல்பு. அதன்பொருட்டு எவரையும் பழிப்பது முறையன்று. பிழை வெளிப்பட்டபின் நடந்துகொண்ட முறையையே வரலாறு நிறுக்கின்றது. மேசைமீது போட்டுப் பார் என்றது ஒரு கம்பனி; தேவையை நிறுவு என்றது மற்றொன்று; கணிதம் கடினம் என்றது வேறொன்று; நீவிர் சிலரே என்றது பின்னுமொன்று. சொற்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: குறை உன்னுடையது, நீ தனியன் என்பது. தான் தனியன் அல்லன் என்று வாங்கியவன் அறிந்துகொண்ட நாளிலேதான், ஒவ்வொரு முறையும் நியாயம் பிறந்தது.

இவற்றையெல்லாம் எம் ஆசிரியரிடம் ஒருநாள் மாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய கணினி இன்னும் அலுமாரியில் இருக்கின்றது. அண்மையில், விலை குறைந்த வேறொன்றை வாங்கச் சென்றபோது, கடைக்காரர் அதன் வேகத்தையும் திரையையும் புகழத் தொடங்கினாராம். ஆசிரியர் அவரை இடைமறித்து, “விசைப்பலகை பழுதானால் அதைமட்டும் தனியாக மாற்றலாமா? அதற்கு எவ்வளவு?” என்று கேட்டாராம். கடைக்காரர் விடையறியாது உள்ளே போய் விசாரித்து வந்தார் என்றும், அதுவரை தாம் பணப்பையைத் திறக்கவில்லை என்றும் அவர் என்னிடம் கூறினார்.