கண்டியும் பிரான்மலையும்: அருள்வாக்கி அப்துல் காதிரின் இரு மலைகள்

அருள்வாக்கி என்றால் கண்டிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குப் பெயர் தெரியும். பாட்டுக் கேட்டால் யோசிப்பார்கள். மெய்ஞ்ஞான அருள்வாக்கி, வித்துவதீபம் என்றெல்லாம் பட்டங்கள் பெற்ற ஒரு புலவருக்கு எங்கட சமூகத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அவரைத் திரும்பிப் பார்க்க அவருடைய நூல்களின் பெயர்களே போதுமான ஒரு வாசலைத் திறந்து தருகின்றன.

அப்துல் காதிர்ப் புலவர் 1866ஆம் ஆண்டு போப்பிட்டியில் பிறந்தார். வாப்பா அல்லாபிச்சை இராவுத்தர், தமிழகத்துத் திருப்பத்தூர்க்காரர். உம்மா பெயர் ஹவ்வா உம்மா. அது கோப்பிக் காலம். கண்டி மலைகளில் காடு அழிந்து கோப்பி ஏறிக்கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரும் வந்தார்கள், வியாபாரிகளும் வந்தார்கள். புலவருக்கு மூன்று வயதாகும்போது, 1869இல், கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருஷத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது, அந்த மலைகளில் தேயிலை வந்தது. அவர் வளர்ந்ததெல்லாம் ஒரு பயிர் செத்து இன்னொரு பயிர் முளைத்த இந்த இடைக்காலத்தில்தான்.

இப்போது நூல்களுக்கு வருவோம். கண்டிக் கலம்பகம், கண்டி நகர்ப் பதிகம் என்பன பிறந்த மண்ணைப் பாடியவை. பிரான்மலைப் பதிகம் வாப்பாவின் சீமையைச் சேர்ந்தது. திருப்பத்தூர்ப் பக்கத்து மலையான பிரான்மலையின் உச்சியில் ஷெய்கு அப்துல்லாஹ் வலியுல்லாஹ்வின் தர்ஹா இருக்கிறது. கோட்டாற்றுப் புராணம் அதற்கும் தெற்கே போகிறது. உமரொலியுல்லா பிள்ளைத்தமிழ் காயல்பட்டினத்து மகானைக் குழந்தையாக்கித் தாலாட்டுகிறது. திருபகுதாதந்தாதி முஹிய்யித்தீன் ஆண்டகையின் பகுதாதுக்கே போய்ச் சேர்கிறது. புலவருடைய பெயரும் அந்த ஆண்டகையின் பெயர்தானே! இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பம் கடல் கடந்து வந்த வழியும், அதன் ஈமான் தொட்டுக்கொண்டிருந்த ஊர்களும் தெரியவரும்.

இந்த வரிசையில் கண்டிக் கலம்பகத்துக்குத் தனி இடம் உண்டு. கலம்பகம் பதினெட்டு உறுப்புக் கொண்ட பிரபந்தம். காலம் என்ற உறுப்பில் கார் வந்தும் தலைவன் வரவில்லையே என்று ஏக்கம் பேசும். வண்டைத் தூது அனுப்பும். தழை கொடுக்கும். இரங்கலில் இயற்கையைப் பார்த்து மனம் உருகும். இயற்கை இல்லாமல் கலம்பகத்தைக் கட்டவே முடியாது. நம்மவரில் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் மக்காவுக்குக் கலம்பகம் பாடினார். பிச்சை இபுறாகீம் புலவர் மதீனாவுக்குப் பாடினார். அந்த இரண்டு புனித நகரங்களுக்கும் பாடப்பட்ட அதே பிரபந்தத்தை எடுத்துக் கண்டிக்குச் சூட்டினார் போப்பிட்டியில் பிறந்த பிள்ளை. "இது என் ஊர், இதுவும் பாடத் தக்கது" என்று சொல்ல அந்தக் காலத்துத் தமிழில் இதைவிடத் துணிவான வழி இருந்திருக்காது.

மலையையும் மழையையும் பாடுவது ஞானப் பாட்டுக்குப் புறம்பான காரியமா என்று சிலர் கேட்கலாம். வானம் பூமியின் படைப்பிலும் இரவு பகல் மாறி வருவதிலும் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் இருப்பதாகக் குர்ஆன் (3:190) சொல்கிறது. மலைகளைப் பூமிக்கு முளைகளாக (78:7) நட்டதாகவும் சொல்கிறது. அந்தப் பார்வையில் நின்று பாடுகிறவனுக்குப் படைப்பு என்பது படைத்தவனை நினைக்க வைக்கும் அடையாளம். கண்டி நகர்ப் பதிகமும் மெய்ஞ்ஞானக் கோவையும் ஒரே கையிலிருந்து வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

புலவர் 1918இல் வபாத்தானார்.   கோப்பி போனது. அந்த மண்ணில் பிறந்தவர் கட்டிவைத்த சொல்லாவது மிஞ்ச வேண்டாமா? இலங்கை முஸ்லிம்களின் சரித்திரம் என்றால் கரையோரத் துறைமுகத்தையும் கடை வியாபாரத்தையும் சொல்லிப்போட்டு நிறுத்திவிடுகிறோம். மலைநாட்டு முஸ்லிம்கள் அந்த மலையை எப்படித் தமிழில் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி இந்தப் பிரபந்தங்களில் கிடக்கிறது.

உங்கள் வாப்பா, பாட்டன் வைத்துப்போன பெட்டகத்தில் பழைய பாட்டுப் புத்தகம் ஏதும் இருந்தால் தாள் உதிர்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பிறகு விளங்காத சொல்லுக்குப் பொருள் எழுதக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். பிரபந்தத் தமிழ் விளங்குகிறவர்கள் நம்மிடையே வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே உரையோடு ஒரு பதிப்பு வந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அருள்வாக்கியின் பெயரோடு பாட்டும் போய்ச் சேரும்.