மரண ஏடு காத்த காவல்

1837ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜனன மரணங்களைச் சர்க்காரே பதியத் தொடங்கியபோது, வாரிசுரிமைக்கும் சொத்துரிமைக்கும் வேண்டிய அத்தாட்சியே அதன் பிரதான நோக்கமாக இருந்தது. எனினும் இறந்த காரணத்தையும் குறிக்கவேண்டும் என்ற ஏற்பாடு அதில் சேர்ந்திருந்தமையால், அந்தப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுக்க அமர்ந்த, வைத்தியம் பயின்ற வில்லியம் ஃபார், தனித்தனிக் குடும்பங்களின் துக்கமாகக் கிடந்த சாவுகளை நோய்வாரியாகவும் ஊர்வாரியாகவும் வகுத்து, ஒரு தேசத்தின் ஆரோக்கிய நிலையையே அதிலிருந்து வாசித்துக் காட்டினார். காலராவையும் அம்மையையும் போலத் திரளாகக் கொல்லும் நோய்களுக்குத்தான் இத்தகைய ஏடு உதவும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவரையே கொண்டுபோகும் ஓர் அபூர்வ மூளை நோயைக் கண்காணிக்கவும் அது பயன்பட்டது.

1920, 1921ஆம் ஆண்டுகளில் இரு ஜெர்மானிய வைத்தியர்கள் விவரித்து, அவர்கள் பெயராலேயே க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் என்று வழங்கும் அந்நோய், ஞாபகத்தைக் குலைத்து, நடையைத் தள்ளாட வைத்து, பெரும்பாலோரைச் சில மாதங்களிலேயே மாய்த்துவிடும். அதிலிருந்து மீண்டவர் இல்லை. இந்தக் கொடுமைதான் மரண ஏட்டிற்கு ஒரு விசேஷ வலிமையைத் தந்தது: பிழைத்தெழுந்தவர் எவரும் கணக்கிலிருந்து நழுவுவதற்கில்லை, ஆதலால் மாண்டோர் தொகையே நோயுற்றோர் தொகையாகவும் ஆயிற்று. ஆயினும் கடைசி நாட்களில் வந்த நிமோனியாவை மட்டும் எழுதிவிட்டு அதற்கு அடிப்படையான நோயை வைத்தியர் விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே அத்தாட்சிப் பத்திரம் வழிகாட்டுமேயன்றித் தீர்ப்பு வழங்காது. தீர்ப்பு சொல்வது பிரேத பரிசோதனையில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் மூளைத் துண்டே.

1986இல் பிரிட்டிஷ் மாடுகளிடையே பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டபின், அது மனிதருக்கும் தாவுமோ என்ற அச்சத்தால், 1990இல் எடின்பரோவில் ராபர்ட் வில் என்னும் நரம்பியல் நிபுணரின் பொறுப்பில் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய்க்கென ஒரு கண்காணிப்பு நிலையம் அமைந்தது. நோயாளிகளைப் பற்றி நரம்பியல் வைத்தியர்கள் தெரிவித்தனர். உயிரோடிருக்கையில் தெரியாமற் போனோரை, இந்நோயின் பெயர் தாங்கி வந்த மரணப் பத்திரங்கள் காட்டிக்கொடுத்தன. பழைய பத்திரங்களைத் துருவி, 1970 முதல் 1984 வரை இறந்தோரைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியும் கைவசம் இருந்தது.

அந்தப் பழைய கணக்கின் அருமை 1996இல்தான் விளங்கிற்று. 42 வயதிற்குட்பட்ட பத்துப் பேரிடம் இந்நோயின் புதுவகை ஒன்று தென்பட்டபோது, கூர்ந்து தேடியதனால்தான் அகப்பட்டதோ, முன்னரும் இருந்து கவனியாமற் போனதோ என்ற நியாயமான ஐயம் எழுந்தது. முந்திய ஆண்டுகளின் ஏடுகளில் இந்நோய் முதியோரையே பெரிதும் நாடியிருந்தது, இளையோரைத் தொட்டது மிக அரிது. முன்பு மாண்டோரின் மூளைத் துண்டுகளிலும் புதுவகைக்குரிய அடையாளம் காணப்படவில்லை. முன்னே இல்லாதிருந்தது என்பதற்குச் சாட்சி சொல்வது, இருப்பதைக் காட்டுவதினும் கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம். யாரோ பழைய வைத்தியர்கள் சிரத்தையோடு எழுதிவைத்த வரிகள் அதைச் செய்தன. மார்ச் 20ஆம் தேதி சுகாதார மந்திரி பார்லிமெண்டில் புதுவகை நோய் பற்றிய செய்தியை வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்க நிபுணர்கள், 55 வயதுக்குமுன் இந்நோயால் இறந்தோரின் மரணப் பத்திரங்களைத் தனியே எடுத்துப் பரிசீலிக்கும் முறையை மேற்கொண்டனர். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் 28 பேரைப் பலிகொண்டு உச்சத்தைத் தொட்ட புதுவகை நோய், பின்னர் படிப்படியாகத் தணிந்தது; அங்கு அதனால் மாண்டோர் மொத்தம் 178 பேர்.