செஞ்சிக் கோட்டையும் அதன் கடல்வாசலும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத இறுதியில் நம் மக்கள் காவியுடுத்தி, செபமாலை ஏந்தி, அன்னையின் பாடல்களைப் பாடியபடி வேளாங்கண்ணிக்குச் செல்கின்றனர். வட மாவட்டங்களிலிருந்து நடந்து செல்வோரும் வாகனங்களில் செல்வோரும் புதுவை, கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்தே தெற்கு நோக்கிப் போகின்றனர். அவ்வழியில் இரண்டு ஊர்களை நாம் எண்ணிப் பாராமலே தாண்டிவிடுகிறோம். ஒன்று, திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், திருவண்ணாமலைச் சாலையில் அமைந்த செஞ்சி. மற்றொன்று, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள பரங்கிப்பேட்டை. ஒரு காலத்தில் முன்னது ஓர் அரசின் தலைநகராகவும், பின்னது அதன் கடல்வாசலாகவும் விளங்கின. இவ்விரண்டையும் இணைக்கும் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஒரு சிறு பங்குண்டு. அதனைச் சற்றே விரித்து நோக்குவோம்.

மூன்று மலைகளின் ஊர்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை ஒன்றாக வளைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் செல்கிறது. உயர்ந்ததாகிய இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை அடையும் தறுவாயில் பாறை இரண்டாகப் பிளந்து ஓர் ஆழ்ந்த பிலம் குறுக்கிடுகிறது. முன்னாளில் அங்கிருந்த பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் சிலரே கீழே நிற்கும் பெரும்படையைத் தடுத்துவிட முடியும். அடிவாரத்தில் கலியாண மகால், வளைவுக் கூரையுடைய பெரிய நெற்களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் ஆலயம், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாதத்துல்லா கான் மசூதி ஆகியவை இன்றும் நிற்கின்றன. அருகே சிங்கவரத்தில் அரங்கநாதர் குடைவரைக் கோயிலும், திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடமும் உள்ளன. சமயங்கள் பல அடுத்தடுத்து வாழ்ந்த மண் இது.

முதலில் இங்கே கோட்டை அமைத்தவர் ஆனந்தக் கோன் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ்ச் செஞ்சி நாயக்கர்கள் ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை பீசப்பூர் சுல்தானின் வசமாயிற்று. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அக்காலத்து இயேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்களும் இப்பணியை வியந்து குறித்துள்ளன. அவருடைய மகன் இராஜாராம் இங்குத் தங்கியிருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டே இக்கோட்டையைப் பிடிக்க முடிந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர்.

மலைக்கோட்டையும் கடற்கரையும்

இராஜகிரியின் மேல் நின்றால் வயல்களும் ஏரிகளும் பாறைக் குன்றுகளும் காட்சி தருகின்றன. ஆயினும் இக்கோட்டையின் செல்வத்தில் ஒரு பகுதி கடலிலிருந்தே வந்தது. கடலூர் அருகே உள்ள தேவனாம்பட்டினத்தில் வாணிபம் செய்ய விரும்பிய டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரிடமே இசைவு பெற்றனர். 1690இல் ஆங்கிலக் கம்பெனி அங்கிருந்த கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் அதனோடு சேரும் என்பது உடன்படிக்கை. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. மலைமேல் இருந்தவர் கையெழுத்திட, கடலோரத்தில் நெசவு செய்தவரும் வலை வீசியவரும் ஒரே நாளில் வேற்று நாட்டாரின் ஆளுகைக்குள் வந்தனர். அவர்களை யார் கேட்டார்கள்?

அரசவையில் ஒரு குரு

செஞ்சி நாயக்கருள் புகழ் மிக்கவர் கிருஷ்ணப்ப நாயக்கர். 16ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், இயேசு சபையின் பணித்தளங்களைப் பார்வையிட வந்த போர்த்துக்கீசியக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா இவரைச் சந்தித்தார். தாம் கண்டவற்றைப் பிமெந்தா தம் சபைத் தலைவருக்கு எழுதினார். தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் செஞ்சியே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகரம் எதுவும் அதற்கு ஈடாகாது என்றும் அவர் மதிப்பிட்டார். நகரின் நடுவே செதுக்கிய பெருங்கற்களால் ஆன மதிலும், நீர் நிரம்பிய அகழியும் அவர் கண்ணைக் கவர்ந்தன.

பட்டு விரிப்பின்மேல் திண்டுகளில் சாய்ந்திருந்த நாயக்கர் விருந்தினருக்கு வெற்றிலை கொடுத்தார். அவர்கள் மெல்லாதிருந்தது கண்டு வியந்தார். தமிழ் மண்ணில் வெற்றிலையை மறுப்பது எத்தகைய செய்தி என்பதை நாம் அறிவோம். ஆனாலும் அவர் மனம் கோணாமல், விலையுயர்ந்த ஆடைகளைப் பரிசளித்து அனுப்பினார். தாம் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் பட்டினத்துக்கு ஒரு குருவைத் தரும்படியும் கேட்டுக்கொண்டார். அப்புதுப் பட்டினமே அவர் பெயரால் கிருஷ்ணப்பப் பட்டினம் எனப்பட்டது. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், இன்றைய பரங்கிப்பேட்டைப் பகுதியில் அது இருந்ததென வரலாற்றறிஞர் கொள்வர். அங்கே ஆலயம் எழுப்பவும் அரசர் இசைவு தந்தார்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நமக்கு இனிய வரலாறு ஒன்று கிடைத்துவிடும். வைணவ அரசர் ஒருவர் கத்தோலிக்கக் குருவை வரவேற்று ஆலயத்துக்கு இடம் கொடுத்தார் என்று மேடையில் சொல்லிப் பெருமை கொள்ளலாம். ஆனால் பிமெந்தாவின் கடிதங்கள் அங்கே நிற்கவில்லை.

கோபுரத்திலிருந்து விழுந்தவர்கள்

அதே நாள்களில் நாயக்கர் சிதம்பரத்தில் நடராசர் ஆலய வளாகத்துக்குள் இருக்கும் கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியைப் புதுப்பிக்க முற்பட்டார். சைவ ஆலயப் பணியாளர் அதனை எதிர்த்தனர். அரசர் கேட்கவில்லை. எதிர்த்தோர் கோபுரத்தின்மேல் ஏறி ஒருவர்பின் ஒருவராகக் கீழே குதித்தனர். 20 பேர் இவ்வாறு மாய்ந்தனர் என்று பிமெந்தா எழுதுகிறார். சினங்கொண்ட அரசர் எஞ்சியவர்கள்மேல் சுடக் கட்டளையிட, மேலும் இருவர் இறந்தனர். தம்மைச் சிறையிட்ட சிற்றப்பனைப் பின்னர் பிடித்து, அவருடைய கண்களைப் பறித்த செய்தியையும் இவ்வரசரைப் பற்றியே பிமெந்தா சொல்கிறார்.

ஆலயத்துக்கு இடம் கொடுத்த கையும், சுடுவதற்குச் சைகை காட்டிய கையும் ஒன்றே. இதனை நாம் எவ்வாறு ஏற்பது? நம்மவருக்கு நன்மை செய்தார் என்பதால் அவரை மறுப்பின்றிப் புகழ்வதா? கொடியவர் என்பதால் அவருடைய கொடையை மறந்துவிடுவதா?

நாம் கருதுவது இது: இரு செயல்களுக்கும் வேர் ஒன்றாகவே இருந்தது. யார் எங்கே வழிபடலாம் என்பதை அரசரின் விருப்பமே முடிவு செய்தது. அவ்விருப்பம் ஒரு நாள் கத்தோலிக்கரின் பக்கம் சாய்ந்தது. மறுநாள் தில்லைப் பணியாளர்மேல் பாய்ந்தது. கொடையாக வந்த வழிபாட்டுரிமை கொடுத்தவரின் முகம் மாறும்போது தானும் மாறிவிடும். பெற்றவர் அரசரின் முகத்தைப் பார்த்தபடியே வாழவேண்டியிருக்கும்.

திருச்சபையும் இவ்வுண்மையைத் தெளிவாக உரைக்க நெடுங்காலம் ஆயிற்று. சமயச் சுதந்திரம் மனிதரின் மாண்பிலேயே வேரூன்றிய உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் அறிக்கையிட்டது. நம் நாட்டின் அரசியலமைப்பு, மனச்சான்றின் சுதந்திரத்தையும், சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் 25ஆம் பிரிவில் எல்லாருக்கும் 1950இலேயே உறுதி செய்துவிட்டது. சிறுபான்மையினராகிய நாம் அப்பிரிவை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். அது நியாயமே. ஆயினும் அந்தப் பாதுகாப்பை நமக்கு மட்டும் கேட்டு, அடுத்தவரின் வழிபாட்டிடத்துக்கு நேரும் இன்னலைக் கண்டும் காணாதிருப்போமானால், நாமும் அரசரின் முகத்தைப் பார்த்து நிற்பவராகவே ஆவோம். கோபுரத்திலிருந்து விழுந்த அந்த மனிதர் நம் சமயத்தார் அல்லர். அவர்களுக்காக வருந்தாமல் செஞ்சியில் கிடைத்த ஆலய அனுமதியைக் கொண்டாடுவது கிறிஸ்தவ மனத்துக்குத் தகாது.

எஞ்சியவை

புதுப் பட்டினத்தின் பெயர் வழக்கொழிந்தது. பரங்கிப்பேட்டை என்ற பெயரே நிலைத்தது. 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே பெரும்போர் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரும்பாலை ஒன்று தோன்றி மறைந்தது. இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அங்கே இயங்குகிறது. செஞ்சியோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி ஆற்காட்டுக்கு மாறியபின் ஒளி மங்கியது. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட இளைஞர் தேசிங்கு ராஜாவை மட்டும் நாட்டுப்புறக் கதைப்பாடலும் கூத்தும் மறக்கவில்லை. அவரோடு உயிர்விட்ட இசுலாமிய நண்பர் முகமது கானையும் அவரைப் போலவே போற்றி வருகின்றன. அரசர் சிலர் கற்றுக்கொள்ளாததைப் பாமர மக்கள் பாட்டில் வைத்துக் காத்தனர் என்று சொல்லலாம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இனிப் பயணிகள் மிகுதியாக வரக்கூடும். பங்குகளில் இளைஞரையும் மறைக்கல்வி மாணவரையும் அழைத்துச் செல்வோர் வெயில் ஏறுமுன் மலை ஏறத் தொடங்கட்டும். குடிநீரை உடன் எடுத்துச் செல்லட்டும். சுவரில் பெயர் கீறாதிருக்கக் கற்பிக்கட்டும். கோயில், மசூதி, சமணக் குன்று அனைத்தையும் காட்டி, பிமெந்தா கண்ட இரு காட்சிகளையும் மறைக்காமல் சொல்லட்டும்.

எருசலேம் நகரைக் கண்டபோது நம் ஆண்டவர் அதன் மதில்களின் வலிமையை வியக்கவில்லை; அமைதிக்கான வழியை அது அறியாமற் போனதை எண்ணிக் கண்ணீர் விட்டார். செஞ்சியின் மதில்களுக்கு முன் நிற்கும் நாமும் அக்கண்களால் பார்க்கப் பழகுவோமாக. வேளாங்கண்ணி அன்னையிடம் செல்லும் வழியில் இவ்வூர்களுக்காகவும், இங்கு வாழ்ந்து மறைந்த எல்லாச் சமயத்தாருக்காகவும் ஒரு பத்து மணி செபிப்பது பொருத்தமான காணிக்கையாகும்.